மூணாவது ட்ராயர் மறுபடி சிக்கிக்கிச்சு

போன வாரம் வரைக்கும் ஒரே விரலால தள்ளினா போதும், உள்ள போகும்போது 'புஸ்'னு காத்து வரும், அந்த அழுத்தத்துல கீழ் ட்ராயர் அரை இன்ச் முன்னாடி வந்து எட்டிப் பாக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் மூணு மாசம் மொட்டை மாடி ஷெட்டுல பழைய தேக்குப் பெட்டி ஒண்ணை ரிப்பேர் பண்ணிக்கிட்டு கிடந்தேன். ஞாயித்துக்கிழமை மச்சானும் நானும் பெட்டியை ஹாலுக்கு இறக்கி வச்சு ட்ராயரை மாட்டினேன். பாதியில நின்னுடுச்சு. இழுத்தாலும் வரல, தள்ளினாலும் போகல. வீடே சுத்தி நின்னு வேடிக்கை பாத்துச்சு, என் பொண்ணு மட்டும் "அப்பா, எண்ணெய் விடலாமா"ன்னு கேட்டா.

பெட்டி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல எடுத்தது. விலை சொல்ல மாட்டேன், வீட்டுல இதைப் படிப்பாங்க. கடைக்காரர் "செட்டியார் வீட்டு சாமான், 200 வருஷம்"னு சொன்னாரு. எந்த வீட்டுல இருந்து வந்துச்சோ, ஆனா இது செஞ்சது வீட்டுக்காக இல்ல, பட்டாளத்துக்காக. வெள்ளைக்கார ஆபீசர்கள் ஊர் ஊரா மாத்தலாகிப் போகும்போது கூடவே தூக்கிட்டுப் போற கேம்பெய்ன் செஸ்ட். எட்டு மூலையிலயும் பித்தளைத் தகடு, கைப்பிடி எல்லாம் மரத்துக்குள்ள பதிச்சது, வெளிய ஒண்ணுகூட துருத்திட்டு நிக்காது. பேக்கிங் பெட்டிக்குள்ள இறக்கும்போது, மாட்டு வண்டியில கயிறு கட்டும்போது எதுவும் மாட்டக்கூடாதுல்ல, அதுக்கு. மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. மேல ரெண்டு சின்ன ட்ராயர், ஒரு பெரிசு, கீழ ரெண்டு பெரிசு. கால் நாலும் மரத்துலயே மரை போட்டது, திருகினா கழண்டு வந்துடும். இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சு வச்சிருந்தேன், ஆனா எங்க வீட்டு மாடிப்படி ரொம்ப குறுகல், அதுல ரெண்டே பேர் ஒவ்வொரு பாதியா ஏத்தி பத்து நிமிஷத்துல முடிச்சப்பதான் செஞ்சவன் என்ன நினைச்சு செஞ்சான்னு தோள்ல உறைச்சுது.

அந்த 200 வருஷம் கதை மட்டும் நிக்கல. பித்தளைத் தகட்டுக்கு அடியில இருந்த ஸ்க்ரூ ஒண்ண கழட்டிப் பாத்தேன், நுனி கூர்மை. பழைய காலத்துல மரத்துல போடுற ஸ்க்ரூவுக்கு நுனி மொட்டையா இருக்கும். கூர்நுனி ஸ்க்ரூவை இங்கிலாந்துல மெஷின்ல பெரிய அளவுல போட ஆரம்பிச்சதே நெட்டில்ஃபோல்ட் கம்பெனி 1854ல அமெரிக்க பேட்டன்ட் உரிமை வாங்கினதுக்கு அப்புறம்தான். ஸ்க்ரூவை எவனாவது பின்னாடி மாத்தியிருக்கலாம்னு நீங்க சொல்வீங்க, சரி, பூட்டைப் பாருங்க. கிரீடம் போட்டு ரெண்டு பக்கமும் 'வி', 'ஆர்', கீழ 'பேட்டன்ட்'. விக்டோரியா ராணி காலம், 1837க்கும் 1901க்கும் நடுவுல. அஞ்சு ட்ராயர்லயும் அதே பூட்டு, அடியில வேற பூட்டு இருந்த பழைய குழி எதுவும் இல்ல. ரெண்டையும் சேத்துப் பாத்தா 1850களுக்கு முன்னாடி போகாதுன்னு என் கணக்கு. முதுகுப்பலகை, ட்ராயர் அடிப்பலகை வரைக்கும் முழுக்க தேக்கு. இங்கிலாந்துல செஞ்சிருந்தா வெளிய மஹோகனி போட்டாலும் உள்ள பெரும்பாலும் பைன் மாதிரி மலிவு மரம்தான் வச்சிருப்பான். அதனால இது நம்ம ஊர்ப் பக்கம் ஏதோ ஒரு ஆசாரி கையில பிறந்ததுன்னு நான் நம்புறேன், டவ்டெயில் (புறா வால் மாதிரி பல்லு வெட்டிக் கோக்குற மூட்டு) எல்லாம் கையால அறுத்தது, எந்த ரெண்டும் ஒரே அளவு இல்ல, குறி போட்ட கோடு இன்னும் அப்படியே தெரியுது.

சரி, ட்ராயர். பழைய ட்ராயர்ல கை வச்சவங்களுக்குத் தெரியும், நூறு வருஷம் இழுத்து இழுத்து பக்கப்பலகையோட அடி விளிம்பு தேஞ்சு போயிருக்கும், அது ஓடுற சட்டமும் பள்ளம் விழுந்திருக்கும். இதுல பின்பக்கம் ஆறு மில்லி காணோம். முன்பலகை கீழ இறங்கி குறுக்குச் சட்டத்தை உரசி வெள்ளையா கோடு போட்டு வச்சிருந்துச்சு. தேஞ்ச விளிம்பை நேரா இழைச்சு எடுத்துட்டு தேக்குப் பட்டி ஒட்டணும், சொல்ல ஒரு வரி. முதல் தடவை வெள்ளைப் பசையில ஒட்டினேன், நாலு நாள்ல பட்டி கையோட வந்துச்சு. தப்பு என்னோடதுதான், தேக்குல இருக்கிற எண்ணெயை அசிட்டோன்ல துடைக்காம ஒட்டிட்டேன். ரெண்டாவது தடவை துடைச்சு, வச்சிரம் (தோல், எலும்புல இருந்து எடுக்கிற பழைய காலத்துப் பசை) காய்ச்சி ஒட்டினேன். வச்சிரம் காய்ச்சின அன்னிக்கு வீட்டுல நடந்த சண்டையை எழுதினா தனிப் பதிவு ஆயிடும். ரெண்டு பாத்திரம் வச்சு வெந்நீருக்குள்ளதான் உருக்கணும், நேரா அடுப்புல வச்சா போச்சு, பட்டியை ஒட்டினதும் சூடு ஆறுறதுக்குள்ள கிளாம்ப் போட்டுடணும். அப்புறம் இழைப்புளி எடுத்து ஒரு சீவு, மாட்டிப் பாரு, கழட்டு, இன்னொரு சீவு. தேக்குல சிலிக்கா இருக்கிறதால பிளேடு பத்து நிமிஷத்துல மழுங்கிடும், பாதி நேரம் தீட்டுறதுலயே போச்சு. எங்க உரசுதுன்னு கண்டுபிடிக்க பென்சில் ஈயத்தை பொடி பண்ணி விளிம்புல தடவினேன், உரசுற இடம் மட்டும் பளபளன்னு மின்னும். இந்த ஒரு ஐடியாவுக்காகவே என்னைப் பாராட்டலாம்.

நடுவுல இன்னொரு சோதனை. ட்ராயரோட அடிப்பலகையை பின்னாடி மட்டும்தான் ஆணி அடிச்சு விடணும், மத்த மூணு பக்கமும் காடியில (பலகையில வெட்டின நீளப் பள்ளத்துல) சும்மா உக்காரணும், மரம் சுருங்க விரிய இடம் வேணும்ல. முன்னாடி ரிப்பேர் பாத்த புண்ணியவான் நாலு பக்கமும் பசையை ஊத்தி வச்சிருக்கான். சுருங்க முடியாம பலகை நடுவுல பிளந்து கிடந்துச்சு. அதை வெட்டி எடுக்கவே ஒரு வாரம்.

ஹால்ல சிக்கினதும் நான் பழியை ஐப்பசி மழை மேல போட்டேன். ஈரக்காத்துல எட்டு இன்ச் உயரப் பலகை ஒரு மில்லி பருக்கிறதெல்லாம் சகஜம். ஆனா மழையா இருந்தா ரெண்டு பக்கமும் இறுகணும், இங்க வலது மேல் மூலை மட்டும் இடிக்குது, இடது பக்கம் விசிட்டிங் கார்டு மூணு நுழையுது. தெரிஞ்ச ஆசாரி அண்ணன் ஒருத்தருக்கு வீடியோ அனுப்பினேன். போன்லயே சிரிச்சாரு. "தம்பி, மாடியில வச்சா வேலை பாத்தீங்க? தண்ணி ஓட தளத்துக்கு வாட்டம் விட்டிருப்பாங்களே, பெட்டிக்கு அடியில மட்டம் பாத்தீங்களா?"

பாக்கல. முதுகுப்பலகை மெல்லிசு, ஒரு கால் பள்ளத்துல நின்னதும் கூடு முழுக்க லேசா கோணிக்கிச்சு. கோணின கூட்டுக்கு அளவெடுத்து ட்ராயரை அழகா, மில்லி சுத்தமா, கோணலாவே இழைச்சு வச்சிருக்கேன். கீழ் பாதியை திரும்ப மாடிக்குத் தூக்கிட்டுப் போயி அதே இடத்துல வச்சு மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டு பக்கமும் டேப் வச்சுப் பாத்தேன், நாலு மில்லி வித்தியாசம். ஹால்ல ரெண்டும் ஒண்ணு. மச்சான் இந்தத் தடவை தூக்க வந்ததுக்கு பிரியாணி கேட்டிருக்கான்.

ஒரே ஆறுதல், வச்சிரத்துல ஒட்டினது. வெந்நீர்த் துணி வச்சு கொஞ்ச நேரம் விட்டா பட்டி மரத்தைப் பிய்க்காம கழண்டு வரும். இடது பட்டியை எடுத்துட்டு ரெண்டு மில்லி தடிப்பா வேற ஒட்டணும், வலதை இழைச்சா போதும். அந்தப் பட்டிக்கு பழைய தேக்குதான் வேணும், புதுத்தேக்கு நிறம் ஒட்டாது. வீடு இடிக்கிற இடத்துல பழைய ஜன்னல் சட்டம் கிலோ கணக்குல கிடைக்குது, ஆணி இருக்கான்னு காந்தம் வச்சுப் பாத்துட்டு வாங்குங்க. காந்தம்னதும் ஞாபகம் வருது, காணாமப் போன ஒரு கைப்பிடிக்கு ஆன்லைன்ல 'கெட்டிப் பித்தளை'ன்னு ஆர்டர் போட்டேன், வந்ததுல காந்தம் பச்சக்னு ஒட்டிக்கிச்சு, இரும்பு மேல முலாம். திருப்பி அனுப்பவும் வழியில்ல. இப்ப அது ஷெட் கதவுல இருக்கு. பழைய கைப்பிடி ஒண்ணை மாதிரி வச்சு கும்பகோணத்துல வார்த்துத் தர ஆள் இருக்காங்களான்னு விசாரிச்சிட்டிருக்கேன், யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

அரக்கு பாலிஷ் தை மாசம்தான். ஈரக்காத்துல போட்டா வெள்ளை பூத்துடும்.

அதுக்குள்ள கையை சும்மா வச்சிருக்க முடியாம அடுத்த வேலைக்கு வரைபடம் போட்டாச்சு, ரூர்க்கி நாற்காலி. இதே பட்டாளத்துச் சாமான் குடும்பம்தான், உத்தரகண்ட் ரூர்க்கி ஊர்ப் பேர்தான் அதுக்கு. கால் மூட்டுல பசை கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, கூம்பு மாதிரி சீவின கம்பை கால் ஓட்டையில சொருகி தோல் வாரை இழுத்துக் கட்டினா நாற்காலி. மூட்டு எல்லாம் கொஞ்சம் இளக்கமா இருக்கிறதால மேடு பள்ளத் தரையில வச்சாலும் நாலு காலும் தானா பதியும். எங்க மாடிக்கு அதுதான் சரி.