பறித்த மொட்டுக்குப் பொழுது எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் மல்லிகை பறிப்பது விடியற்காலை நாலு மணிக்கு. வலையங்குளத்துப் பக்கம் முக்கால் ஏக்கர். அம்மாவும் சித்தியும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குனிந்தால், வெயில் ஏறுவதற்குள் மடித்துணி நிறைந்துவிடும். மாட்டுத்தாவணிக்குப் போகிற கூடையில் இருப்பதெல்லாம் மூடிய மொட்டுதான். வீட்டுக்கென்று எடுத்து வைத்த ரெண்டு கை மொட்டை அப்பத்தா ஈரத்துணியில் சுருட்டி, ஜன்னலே இல்லாத உள்ளறையில் வைப்பாள். விளக்கேற்றும் நேரத்தில் அந்தக் கதவைத் திறந்தால் வாசனை முகத்தில் வந்து மோதும்.

போன சித்திரையில் ஒருநாள் கேட்டாள். "ஏந்தாயி, நீ படிச்சவதானே. செடிய விட்டுப் பறிச்சாச்சு. வெளிச்சத்தையும் காட்டல. பொழுது சாஞ்சது இதுக்கு எப்படித் தெரியுது?"

நான் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். அன்றைக்கு வாயில் வந்த பதில், "சாயங்காலக் குளிர்ச்சி பட்டதும் விரியும் அப்பத்தா." அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. சித்திரை மாசத்து மதுரையில், மூடிய அறைக்குள், ஆறு மணிக்கு என்ன குளிர்ச்சி?

சரி, செய்து பார்த்துவிடலாம் என்று பகலில் இலை விரித்து ராத்திரியில் மூடுகிற ஒரு தொட்டாற்சிணுங்கியைத் தொட்டியோடு அதே உள்ளறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்தாயிற்று. பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றிய சின்ன டார்ச்சை ஒரு நொடி மட்டும் அடித்துப் பார்ப்பது என்று முடிவு. முதல் தடவை என் மகன் செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே வந்து எல்லாம் கெட்டுப்போனது. மறுவாரம் திரும்ப ஆரம்பித்தேன். முதல் நாள் சாயங்காலம் இலைகள் மூடின, அது எதிர்பார்த்ததுதான். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, மூச்சுக்காற்றுகூடப் படாதபடி தள்ளி நின்று பார்த்தேன். அந்தக் கும்மிருட்டில் இலைகள் விரிந்திருந்தன! சாயங்காலம் மறுபடி மூடின. மூன்றாம் நாள் சோர்ந்து பாதிதான் விரிந்தன. ஆனால் நேரம் தவறவில்லை.

இதையேதான் 1729இல் தே மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் பார்த்தார், இதே மாதிரி தொட்டாற்சிணுங்கி வகைச் செடியில்தான். நூறு வருஷம் கழித்து தெ கண்டோல் என்ற தாவரவியலாளர் அளந்தபோது, மாறாத வெளிச்சத்தில் அது 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரவில்லை. 22, 23 மணி நேரத்தில் வந்தது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வெளியே இருந்து ஏதோ ஒன்று ரகசியமாக மணி அடிக்கிறது என்றால் சுற்று சரியாக 24 ஆக அல்லவா இருக்க வேண்டும்? கொஞ்சம் பிசகியதால்தான் கடிகாரம் செடிக்குள் இருக்கிறது என்பது புரிந்தது. தினமும் விடியல் வந்து அதைத் திருப்பி வைக்கிறது, அவ்வளவுதான்.

1930களில் ஜெர்மனியில் எர்வின் பியூனிங் ஒரு படி மேலே போனார். சுற்று நீளம் வெவ்வேறாக இருந்த பீன்ஸ் செடிகளைக் கலப்பினம் செய்தார். பிறந்த செடிகளின் சுற்று ரெண்டுக்கும் நடுவில் நின்றது. அப்படியானால் இது வழிவழியாக வருகிற சொத்து. இந்தப் பியூனிங்கிடம் ஆய்வு செய்துவிட்டு வந்த எம்.கே.சந்திரசேகரன்தான் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தவர். மதுரையை ஒட்டிய குகையில் வௌவால்களைக் கவனித்தார்கள். வளாகத்துக்குள்ளேயே, நேரம் தெரியாமல் மனிதர்கள் தங்குவதற்கு ஓர் அறை கட்டினார்கள். நாகமலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

அப்புறம் மரபணுக்களுக்கு வருவோம். கடுகுக் குடும்பத்தில் அராபிடாப்சிஸ் என்று ஒரு பொடிச்செடி உண்டு. 1995இல் ஆண்ட்ரூ மில்லர், ஸ்டீவ் கே முதலியோர் அதன் கடிகாரத்தோடு மின்மினிப் பூச்சியின் ஒளிரும் மரபணுவைப் பிணைத்துவிட்டார்கள். செடி பகல் இரவுக்கேற்ப ஒளிர்ந்து மங்கும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தாளம் தப்பியதைத் தேடினால், 21 மணி நேரத்திலேயே சுற்றை முடிக்கிற ஒன்று அகப்பட்டது. அதில் பழுதாகியிருந்த மரபணுதான் டிஓசி1.

இது மாலை நேரத்து மரபணு. காலைக்கு சிசிஏ1, எல்எச்ஒய் என்று ரெண்டு. விடியும்போது இவை உச்சத்தில் இருக்கும். இவற்றின் புரதங்கள் டிஓசி1இன் முகப்பில் போய் உட்கார்ந்து அதை எழவிடாமல் அடைத்து வைக்கும். பகல் ஏற ஏற அந்தப் புரதங்கள் சிதைந்து குறைய, அடைப்பு விலகி, சாயங்காலம் டிஓசி1 எழும். எழுந்ததும் அது காலை மரபணுக்களைப் போய் அமுக்கும். பின்னிரவில் அதன் புரதமும் சிதைந்து தீர, காலை மரபணுக்கள் மறுபடி தலைதூக்கும்.

"ஒன்னையொன்னு அமுக்கினா நடுவுல சமமா நின்னுடாதா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்த வருஷம் என் வகுப்பில் வந்த மிகச் சிறந்த கேள்வி அது. நிற்காமல் இருப்பதற்குக் காரணம் தாமதம். மரபணுவைப் படியெடுக்க வேண்டும். அந்தப் படியை வைத்துப் புரதம் கட்ட வேண்டும். அது செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சேர வேண்டும். அப்புறம் சிதைய வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். கிணற்று மோட்டாரை நிறுத்திய பிறகும் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் கடைசிப் பாத்தி வரைக்கும் ஓடுகிறதே, அதுபோல. கட்டளை நின்றாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இப்படி மாறி மாறி ஏறி இறங்குகிற இந்த ஊஞ்சல் நடுவில் நிற்காது. இதற்கிடையே பிஆர்ஆர்9, 7, 5 என்று இன்னும் மூன்று மரபணுக்கள் பகல் நெடுக ஒன்றன்பின் ஒன்றாக வந்து காலை மரபணுக்களை அமுக்கிக்கொண்டே இருக்கும். இப்படித்தான் ஒரு நாள் முழுக்க நிரம்புகிறது.

நம்மைப் போல் மூளைக்குள் ஒரு தலைமைக் கடிகாரம் செடிக்குக் கிடையாது. கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லிலும் இந்த ஊஞ்சல் ஆடுகிறது. அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. 2013இல் அமெரிக்காவில் ஒரு குழு, பறித்து வந்த முட்டைக்கோஸுக்குப் பகல் இரவாக வெளிச்சம் காட்டிப் பார்த்தது. செடியை விட்டு வந்த பிறகும் அது அந்த நேரத்துக்குத் தன்னைத் திருப்பிக்கொண்டது; புழுவை எதிர்க்கும் பொருள்களையும் நேரம் பார்த்துக் கூட்டியது, குறைத்தது.

வாசனைக்கும் கணக்கு உண்டு. ராத்திரியில் மணக்கும் பெட்டூனியாவில், அதே எல்எச்ஒய்தான் பகலெல்லாம் மணம் செய்கிற மரபணுக்களை அடக்கி வைக்கிறது என்று 2015இல் கண்டார்கள். அதைக் குறைத்தால் பூ மத்தியானமே மணக்க ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரிப் பூச்சிக்காகச் செய்கிற மணத்தை வெயிலில் கொட்டுவது வீண்தானே. மல்லிகை மொட்டின் வயதும் முக்கியம். பச்சைப் பிஞ்சு இன்றைக்கு விரியாது. ஆனால் முற்றிய மொட்டு தன் செல்களுக்குள் பொழுதைச் சுமந்துகொண்டுதான் கூடைக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் முதலில், "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். பிறகு ஊஞ்சல் கதையை முழுக்கச் சொன்னேன். நார் கிழித்துக்கொண்டே கேட்டவள், கையை நிறுத்தினாள்.

"அப்ப பறிச்ச பொறகும் அதுக்கு உசுரு இருக்குன்னு சொல்லு."

"இருக்கு அப்பத்தா."

எழுந்து உள்ளறைக்குப் போய், காய்ந்திருந்த சுருட்டுத் துணியை எடுத்து மறுபடி நனைத்துப் போர்த்திவிட்டு வந்தாள்.