தோட்டா செலவில்லாமல் ஒரு மாதம்

ஜூலை 21
போலீஸ்காரர்களான எங்களுக்கு அடுத்த மாதக் கடைசியில் ஆண்டுத் துப்பாக்கி சுடும் பயிற்சி என்று தகவல் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணிக் கொடுக்கிற ரவுண்டை, அதாவது தோட்டாவை, வைத்துக்கொண்டு யாருக்கும் குறி நிற்காது. சுட்டுப் பழகத் தனியாக இடம் பார்க்கலாம் என்றால் காவிரி டெல்டா தட்டைத் தரை. தோட்டாவைத் தாங்க ஒரு குன்று கிடையாது. நாலு பக்கமும் வயல், வயலில் ஆட்கள். குன்று இருந்த புதுக்கோட்டை நார்த்தாமலையிலேயே 2021 டிசம்பரில் துப்பாக்கி சுடும் தளத்திலிருந்து வந்த தோட்டா ஒரு சிறுவன் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் இறந்து போனான். அதற்கப்புறம் மணல் மூட்டை அடுக்கிச் சுடலாம் என்கிற பேச்சை நான் எடுக்க விடுவதில்லை.

ஜூலை 24
ரோல்கால் முடிந்ததும் வெற்றுத் துப்பாக்கிப் பயிற்சி, அதாவது தோட்டா போடாமல் குறி பார்த்து டிரிகரை இழுத்துப் பழகுவது. தோட்டா எல்லாம் வேறு அறையில், பூட்டுக்குள். தோட்டா உட்காரும் சேம்பரை இரண்டு பேர் பார்த்து, விரல் விட்டும் பார்த்த பிறகுதான் சுவரை நோக்கித் தூக்க விடுவேன்.

புதிதாக வந்த பெண் காவலர், “ஐயா, டிரிகர் வேலை செய்யல” என்றார். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். நம்மிடம் இருக்கும் 9 எம்எம் இஷாப்பூர் பிஸ்டலில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் சுத்தி, ஹேமர், விழாது. காலி மேகசினைப் போட்டதும் ‘டக்’. ஒவ்வொரு தடவையும் ஹேமரைக் கையால் இழுத்து வைக்க வேண்டும். சலிப்புதான். ஆனால் அவசரமும் அதில் அடங்கிவிடுகிறது.

குழல் முனையில் குறி பார்க்கும் முனைப்பான ஃபோர்சைட்டுக்குப் பின்னால், பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு மேல் ஒரு ரூபாய் நாணயம். டிரிகரைச் சுண்டினால் விழும், பிழிந்தால் நிற்கும். முதலில் எல்லோருக்கும் தரையில் சில்லறைச் சத்தம்தான்.

ஜூலை 29
5 மீட்டர் தூரத்தில் சுவரில் ரூபாய் நாணய அளவுக்குக் கறுப்புப் பொட்டு. 25 மீட்டரில் வைத்த 11 சென்டிமீட்டர் வட்டம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ, அப்படியே தெரியும். செலவு, ஒரு மார்க்கர் பேனா.

டிரிகரை இழுத்தால் சுவரில் ஒளிப்புள்ளி விழும் லேசர் தோட்டா வாங்கலாமா என்று ஒருவர் போனில் காட்டினார். சில ஆயிரம் ரூபாய். ஹேமர் விழும்போது ஃபோர்சைட் அசைந்ததா என்று அவரவர் கண்ணே சொல்லிவிடும். அதற்கு எதற்குக் காசு? .22 ரைபிளை மட்டும் இப்படி வெற்றாகத் தட்டக் கூடாது. தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி சேம்பர் விளிம்பில் இடித்துக் கெட்டுவிடும்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் பந்தோபஸ்து. பயிற்சி இல்லை.

ஆகஸ்ட் 8
காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டல் பேச்சு. குழல் 0.177 அங்குலத்துக்கும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கும் உட்பட்டதென்றால் லைசென்ஸ் வேண்டாம். 500 பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) உள்ள டப்பா சில நூறு ரூபாய்தான். 10 மீட்டர் வராண்டாவும் பின்னால் ஒரு இரும்புப் பெட்டியும் போதும். நிஜத் துப்பாக்கி போலக் கையை உதைக்காது என்பது உண்மைதான், ஆனாலும் பெல்லட் பட்ட ஓட்டையைக் கண்ணால் பார்க்கலாமே. லேசரைவிட இதற்குத்தான் என் ஓட்டு. 2022-ல் திருச்சி கே.கே. நகர் ரைபிள் கிளப்பில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தபோது நடிகர் அஜித்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் இதில் இறங்கியிருந்தால் டெல்டாவில் இன்னும் நாலு கிளப் வந்திருக்கும்!

ஆகஸ்ட் 27
தளத்தில் நிஜ ரவுண்டு. ஒரு காவலருக்கு எல்லாமே கீழே, இடப்பக்கம் போனது. வெடிக்கப்போகிறது என்று கை முந்திக்கொண்டு அமுக்குகிறது. அவர் மேகசினை நானே வாங்கி, இடையிடையே வெடிக்காத டம்மி ரவுண்டு கலந்து நிரப்பிக் கொடுத்தேன். டம்மி வந்தபோது வெடிக்காத பிஸ்டலின் மூக்கு தரையைக் குத்தியது. அவரே பார்த்துச் சிரித்துவிட்டார். அடுத்த ரவுண்டுகள் மேலே ஏறின. நாணயத்தோடு ஒழுங்காக நின்றவர்களுக்கு இந்த வைத்தியமே தேவைப்படவில்லை.

காலித் தோட்டா கணக்கில் ஒன்று குறைந்து, புல்லுக்குள் அரை மணி நேரம் குனிந்து தேடினோம். கிடைத்தது. ஏர் பிஸ்டலுக்கு ஆளாளுக்குப் பணம் போடுவதாக வேனிலேயே முடிவானது; வசூல் பொறுப்பு ஏட்டம்மாவிடம்.