கியர் விளக்கு எரிந்தால் முதலில் கோடு நம்பரைக் கேளுங்கள்

மஞ்சள் நிறத்தில் ஒரு பல்சக்கரம், அதன் நடுவே ஆச்சரியக்குறி. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களில் பலர் இந்த விளக்கைப் பார்த்திருப்பீர்கள். இதற்காகப் பெங்களூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்குக் கொடுத்த எஸ்டிமேட் 62,000 ரூபாய். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது பேட்டரியை மட்டும்தான். பணம் தப்பியது என்ற நிம்மதி இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் நல்ல ஆக்சுவேட்டரை (கியரை மாற்றும் கருவி) கழற்றிப் போட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்னமும் கொதிக்கிறது.

என்னுடையது ஏஎம்டி வகை சின்ன கார். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். காலும் கையும் செய்கிற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. சில கார்களில் அது மின்மோட்டார். என் காரில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. அந்த அழுத்தத்தை உண்டாக்க ஒரு சின்ன மின்பம்ப் இருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்ததும் 'ங்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்து அடங்குகிறதே, அது இந்தப் பம்ப்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் காரில் வந்தது இரண்டு தனித்தனி எச்சரிக்கை. முதலாவது ஹெப்பால் மேம்பாலத்தில், மாலை நெரிசலில். ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தபோது கியர் எழுத்து மினுக்கத் தொடங்கியது, பீப் சத்தம் வேறு. பல்சக்கர விளக்கு எரியவில்லை. இது கிளட்ச் சூடேறியதற்கான எச்சரிக்கை. ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துக் கொஞ்ச நேரம் விட்டதும் நின்றுவிட்டது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைத்தால் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடி தேய்ந்து சூடேறும். பிரேக்கில் நில்லுங்கள். முன்னால் ஒரு கார் அளவுக்கு இடம் கிடைத்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவதுதான் அந்தப் பல்சக்கர விளக்கு. அது வந்ததெல்லாம் திங்கட்கிழமை காலைகளில். வெள்ளி முதல் ஞாயிறு வரை நான் காரை எடுப்பதில்லை. திங்கட்கிழமை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு வரும், கூடவே சில நாள் இஞ்சின் விளக்கும் வரும். முதல் கியர் விழத் தயங்கும். பானஸ்வாடியிலிருந்து டின் ஃபேக்டரி தாண்டுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

சர்வீஸ் சென்டருக்கு முதல் முறை போனபோது கம்ப்யூட்டரைச் செருகினார்கள், கார் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டை, அதாவது ஃபால்ட் 'கோடை' அழித்தார்கள், 'இப்போ ஒண்ணும் இல்ல மேடம்' என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். என்ன கோடு என்று கேட்டேன். பதில் இல்லை. ஜாப் கார்டிலும் (சர்வீஸ் வேலைச் சீட்டு) எழுதவில்லை. அடுத்த திங்கட்கிழமை விளக்கு திரும்ப வந்தது.

மறுபடி போனால் வேறொரு அட்வைசர். திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிறது என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை. ஹெப்பாலில் நடந்ததைச் சொன்னதும் மட்டும் பிடித்துக்கொண்டார். 'கிளட்ச் சூடாயிருக்கு, அதனால ஆக்சுவேட்டர் போயிருக்கு, கிட்டாத்தான் மாத்தணும்.' ஒன்று கிளட்ச் தகட்டின் சூடு, இன்னொன்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு. இரண்டையும் எதை வைத்து முடிச்சுப் போட்டார் என்று கேட்டேன். 'சாரை வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட விவரமா சொல்றேன்' என்றார். கார் என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், எதிரே நின்று கேள்வி கேட்பதும் நான். நீட்டித்த வாரண்டியில் வருமா என்றால், கிளட்ச் தேய்மானப் பொருள், வராது என்கிறார். அவர் மாற்றச் சொல்வது ஆக்சுவேட்டரை. அது தேய்மானப் பொருளா என்று கேட்டதற்கு மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்.

விடவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட் கொடுத்தால்தான் எஸ்டிமேட்டைப் பற்றிப் பேசுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்துதான் ஒரு தாள் வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு கோடு: பி0700.

இந்தக் கோடு எல்லா ஆட்டோமேட்டிக் கார் உரிமையாளர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆக்சுவேட்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. கியர்பாக்ஸுக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது; அதில் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று இஞ்சின் கம்ப்யூட்டர் கை காட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையான காரணம் அந்த இரண்டாவது கம்ப்யூட்டருக்குள் வேறொரு கோடாக இருக்கும். ஷிஃப்ட் லிவர் சென்சார் என்றால் பி0705, வேக சென்சார் என்றால் பி0715, இப்படி. அதைத் திறந்தே பார்க்காமல் 62,000 ரூபாய்க்கு பில் தயாராகியிருந்தது.

காரில் செருகிக் கோடைப் படிக்கிற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிச் செருகிப் பார்த்தேன். அதுவும் பி0700-ஐத்தான் காட்டியது. மலிவு ஸ்கேனர்கள் பெரும்பாலும் இஞ்சின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். விளக்கு எரிந்தது உண்மை என்று தேதியோடு காட்ட அது உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் லிங்கராஜபுரத்தில் ஒரு கராஜைச் சொன்னார். நடத்துகிறவர் கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கிற ஸ்கேனர் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் அதை உடனே எடுக்கவில்லை. 'எப்ப எப்ப வருதுக்கா?' என்று கேட்டார். திங்கட்கிழமைக் கதையை முழுவதும் கேட்டார். ஞாயிறு இரவு காரைக் கொண்டுவந்து விட்டுவிடச் சொன்னார், காலையில் தான் பார்க்கும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

காலையில் நானும் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் காதை வைத்துக் கேட்டார். பம்ப் இழுத்து இழுத்து, தீனமாக ஓடியது. மீட்டரை வைத்தார். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும், என்னுடையது 12.1. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9-க்கும் கீழே போய்விட்டு ஏறியது. விளக்கு எரிந்தது. அப்புறம்தான் ஸ்கேனரைச் செருகினார். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இருந்தது பி0562, அதாவது மின் அழுத்தம் குறைவு.

'இஞ்சின் ஸ்டார்ட் ஆகுதேன்னு பேட்டரி நல்லா இருக்குன்னு நெனச்சிடறாங்கக்கா. பம்புக்கும் அதே கரண்ட்தான் வேணும்' என்றார். கொஞ்ச தூரம் ஓட்டியதும், பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கும், விளக்கு போய்விடும். வாரக்கடைசி மூன்று நாள் நிறுத்தினால் திரும்ப வரும். பேட்டரிக்கு ஏறக்குறைய நான்கு வயது. டெர்மினலைத் தேய்த்துச் சுத்தம் செய்துகூடப் பார்த்தார், மாற்றம் இல்லை.

புது பேட்டரி 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. கோடை அழித்து, கிளட்ச் லேர்னிங்கும் (கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பது) செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமைகள் போய்விட்டன, விளக்கு வரவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆக்சுவேட்டர் கெடவே கெடாது என்று இல்லை. பேட்டரி நன்றாக இருந்தும் பம்ப் அடிக்கடி தானாக ஓடுகிறது, காருக்கு அடியில் ஆயில் கசிகிறது என்றால் ஆக்சுவேட்டரைச் சந்தேகப்படத்தான் வேண்டும். பிரேக்கை மிதித்தும் கியர் நியூட்ரலை விட்டு நகரவில்லை என்றால், பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் ஸ்விட்ச் போயிருக்கலாம், அது சில நூறு ரூபாய்ச் சாமான்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒரே மாதிரி பேசாது. சிவிடி, டிசிடி என்று வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களும் இருக்கின்றன. ஹோண்டா சிவிடியில் டி எழுத்து மினுக்கினால் அது சூடு இல்லை, கியர்பாக்ஸில் கோளாறு. ஹூண்டாய் டிசிடியில் சூடேறினால் திரையில் எழுத்தாகவே வரும். பத்திரமான இடத்தில் நிறுத்தி, கியரை 'பி' (பார்க்) நிலையில் போட்டு, இஞ்சினை அணைக்காமல் ஆறவிட வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், சிவப்பு என்றால் நிறுத்திவிட வேண்டும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் கியர் விழவே இல்லை, நடுவழியில் நியூட்ரலுக்குப் போகிறது என்றால் நிறம் எதுவானாலும் டோ வண்டிதான்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். விளக்கு போகலாம், கூடவே கோடும் கிளட்ச் அளவுகளும் போய்விடலாம். எதைக் காட்டிச் சண்டை போடுவீர்கள்? விளக்கு எரியும்போது வீடியோ எடுங்கள். ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பி0700 மட்டும் காட்டினால் 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பரிசோதனைக் கட்டணம் என்று சர்வீஸ் சென்டரில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு, இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பேட்டரி பில்லையும் இணைத்து மெயில் போட்டேன். 'பாலிசி இல்லை' என்று ஒரு வரி பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்ததும் மேனேஜரே போன் செய்தார், என்னிடமே பேசினார், சாரைக் கேட்கவில்லை. கட்டணம் அக்கவுண்டுக்குத் திரும்பிவிட்டது. முதல் முறை அழித்த கோடு என்ன என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.