எலி செய்யாத குற்றம்

பெட்ரோல் பங்க் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. காரின் பெட்ரோல் முள் காலியில் படுத்துக் கிடக்கிறது, மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது. "ஃபுல் டேங்க்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு இறங்கி நின்றேன். 37 லிட்டர் பிடிக்கும் டேங்க். 17 லிட்டரில் 'டக்' என்று நின்றுவிட்டது. அவன் மறுபடி அழுத்தினான். மறுபடியும் 'டக்'. "பாதிக்கு மேல் இருந்திருக்கிறது சார்" என்றான், ஏதோ நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்தவன் போல. சரி என்று ஸ்டார்ட் செய்தேன். நிறைய அடித்த டேங்குக்கு முள் மெல்ல ஏறிப் பாதியில் நின்றுகொண்டு, அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது.

அப்பாவின் பஜாஜ் சேட்டக்கில் முள்ளும் கிடையாது, விளக்கும் கிடையாது. டேங்க் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பார், வண்டியைக் குலுக்கிச் சத்தம் கேட்பார், "திருமங்கலம் வரை போகலாம்" என்பார். போகும். வழியில் திணறினால் குனிந்து ரிசர்வுக்குத் திருப்புவார். மூன்று பேர் உட்கார்ந்திருந்த வண்டியை ஓட்டிக்கொண்டே குனிவார் என்பதுதான் இதில் அம்மாவுக்கு இன்றுவரை இருக்கும் மனத்தாங்கல்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. அதில் ஒரு நியாயம் உண்டு. ஒயர் அறுந்தால் சிக்னல் எல்லை தாண்டி மேலே போகும், வண்டியின் கம்ப்யூட்டர் பி0463 என்று கோளாறு எண் எழுதி வைத்துக்கொள்ளும். எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில், உரசினால் கீழே விழும், பி0462. வரம்புக்குள் நின்று பொய் சொன்னால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. "அசெம்பிளியோடு மாற்றிவிடலாம் சார், 8,500 ஆகும்" என்றார். டேங்குக்குள் பெட்ரோல் பம்பும், அளவைச் சொல்லும் மிதவையும் சேர்ந்து ஒரே உருப்படியாக இருக்கின்றனவாம். வரம்புக்குள் நின்றுதான் அவரும் சொன்னார்.

8,500 ரூபாயைக் கேட்டதும் எனக்குள் ஓர் எலெக்ட்ரீஷியன் விழித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பின்சீட்டைக் கழற்றி வாசலில் போட்டேன். எதிர்வீட்டு வாத்தியார் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், சீட்டில் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம். சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: சின்னவனின் அரை பென்சில்கள் நான்கு, முறுக்குத் துண்டு, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வாங்கிய விசிறி. என் மனைவி ஓராண்டாக என் தங்கை மீது சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த கொலுசின் திருகாணியும் அங்கேதான் இருந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் 34 ஆண்டு. டிவி ஓடவில்லையா, "எர்த் பார்த்தீர்களா மாப்பிள்ளை?" மிக்ஸி கத்துகிறதா, "எர்த்." சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோதும் கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அன்றும் காபியோடு வந்து நின்று அதையேதான் கேட்டார்.

"பார்த்துவிட்டேன் மாமா" என்றேன், கொஞ்சம் அலட்சியமாகவே. உண்மையிலேயே பார்த்திருந்தேன். மிதவையின் மின்தடை சரியாக இருந்தது. டேங்குக்கு மேல் ஒயர்கள் வந்து சேரும் கப்ளரைக் கழற்றி, சிக்னல் ஒயரை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் முள் குதித்து 'ஃபுல்' காட்டியது. அப்படியானால் முள்ளும் சரி, முன்னால் போகிற ஒயரும் சரி. கறுப்பு எர்த் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால் பீப் என்று கத்துகிறது, அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்துகொண்டு ஒரு வண்டி எப்படிப் பொய் சொல்லும்? இந்த நேரம் பார்த்து அம்மா, வெள்ளிக்கிழமை அல்லவா, சாம்பிராணித் தட்டோடு பெட்ரோல் டேங்குக்கு மேலேயே வந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் வாத்தியார் நாற்காலியோடு நான்கடி பின்னுக்குப் போனார்.

"பீப் அடித்தால் ஆயிற்றா?" என்றார் மாமா. "ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் உங்கள் மீட்டர் பீப் அடிக்கும். வேலை கொடுத்துப் பாருங்கள். வண்டி எப்போது பொய் சொல்கிறது?"

அப்போதுதான் உறைத்தது. சாவியை மட்டும் திருப்பினால், அதற்குள் பாதி தீர்ந்திருந்த டேங்குக்கு முள் ஒழுங்காகப் பாதியில் நிற்கிறது. இன்ஜின் ஓடும்போதுதான் காலிக்கு இறங்குகிறது. அப்போதுதான் பம்பும் நிற்காமல் ஓடுகிறது.

பேட்டரி முன்னால், நாங்கள் பின்னால். மீட்டர் ஒயர் எட்டவில்லை. பரண் மேலிருந்து கொலு சீரியல் விளக்கை இறக்கி, மனைவி பார்க்காத நேரத்தில் அதிலிருந்து ஐந்து மீட்டர் நீள ஒயரை வெட்டினேன். ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மறுமுனை மீட்டரில். மீட்டரின் சிவப்பு ஊசி, திரும்ப மாட்டிய கப்ளரின் எர்த் பின்னில். சின்னவன் சாவியைத் திருப்பினான். பம்பு 'ம்ம்ம்' என்று இரண்டு நொடி முனகியபோது எண் துள்ளியது, பம்பு நின்றதும் பூஜ்யத்துக்கு வந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் 1.9 வோல்ட் வந்து அசையாமல் நின்றது. 0.1-ஐத் தாண்டக் கூடாத இடம் அது.

பம்புக்கும் மிதவைக்கும் ஒரே எர்த். குழாயடி மாதிரிதான். பம்பு ஐந்தாறு ஆம்பியரோடு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால், மிதவை தன் சின்னச் செம்பை எங்கே வைக்கும்? வழியும் குறுகிவிட்டால் தேங்கி நிற்கும் அந்த 1.9 வோல்ட்டையும் சேர்த்துக்கொண்டுதான் முள் கணக்குப் போடும். எங்கள் வண்டியில் வோல்ட் கூடக் கூட முள் கீழே போகும்.

கறுப்பு ஒயரைத் தடவிக்கொண்டே போனோம். மிதியடிக்குக் கீழே தரையில் ஒரு போல்ட். பச்சையும் காவியுமாகப் பூத்துக் கிடந்தது. அதன் தலையில், ஆணி அடித்தாற்போல், ஒரு காய்ந்த கறிவேப்பிலை. பக்கத்தில் இரண்டு கடுகு.

போன வருடம் மாமியாருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அம்மா தூக்குச்சட்டி நிறைய ரசம் வைத்து எடுத்து வந்தார். வாடிப்பட்டி தாண்டி ஓர் ஆடு குறுக்கே வர, நான் பிரேக் போட, பாதி ரசம் பின்சீட்டுக்கு அடியில் இறங்கியது. மிதியடியைத் துடைத்தோம். அதற்கடியில் யார் பார்த்தார்கள்? பித்தளைப் பாத்திரத்தைப் பளபளப்பாக்கும் அதே புளி, உப்போடு சேர்ந்து ஓராண்டு உட்கார்ந்து எங்கள் இரும்பை அரித்திருக்கிறது.

"என்னப்பா, என்ன கோளாறு?" அம்மா வாசற்படியிலிருந்து கேட்டார். வாத்தியார் முன்னால், சம்பந்தி முன்னால். அம்மாவின் ரசத்தைப் பற்றி அந்தத் தெருவில் இதுவரை ஒரு புகார் கிடையாது.

"எலி" என்றேன். "ஒயரைக் கடித்திருக்கிறது."

மாமா என்னைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். கறிவேப்பிலையைப் பதமாகப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆமாம் சம்பந்தி, எலிதான். பெரிய எலி" என்றார். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் தடவினோம். மீட்டர் 0.04. முள் பாதியில் ஏறி உட்கார்ந்தது. செலவு பன்னிரண்டு ரூபாய், சீரியல் விளக்கு தனி.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா எலியைச் சும்மா விடுகிறவர் அல்ல. மசால்வடை வைத்து வண்டிக்கு அடியில் பொறி வைத்தார். மூன்றாம் இரவே, அதாவது நேற்று, ஒன்று மாட்டிக்கொண்டது. விரல் நீளம்தான் இருக்கும். "பார்த்தாயா, இதுதான்!" என்று டார்ச் அடித்துத் தெருவுக்கே காட்டினார்.

கொல்ல மனம் வரவில்லை. பத்தரை மணிக்கு நானும் மாமாவும் வண்டியூர்க் கண்மாய்க்குக் கிளம்பினோம். பொறி அவர் மடியில். அண்ணாநகர் தாண்டும் வரை பேசவில்லை.

"பாதி ரசம்தான் வந்து சேர்ந்தது இல்லையா?" என்றார் திடீரென்று. "நான்கு நாளாக அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. அதைத்தான் ஒரு டம்ளர் குடித்தாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்."

கரையில் இறங்கிப் பொறியைத் திறந்தார். எலி வெளியே வரவில்லை. வடையை முடித்துவிட்டுத்தான் வந்தது.