பைப்பெட்டுக்குள் என்ன ஊற்றுவது? டோபமின் நியூரானை அடக்கும் மின்னோட்டத்தைப் பிடித்த அனுபவம்

"டோபமின் நியூரானைப் பேட்ச் பண்ணப் போறேன்க்கா" என்று சொன்னதும் லேபின் சீனியர் அக்கா கேட்டது ஒன்றுதான்: "பைப்பெட்டுக்குள்ள பொட்டாசியமா, சீசியமா?" பேட்ச் என்றால், மெல்லிய கண்ணாடிக் குழாயின் (பைப்பெட்டின்) முனையை ஒரு செல்லில் ஒட்டவைத்து அதன் மின்னோட்டத்தை அளப்பது. குழாய்க்குள் எந்த உப்புக் கரைசல் என்பதுதான் கேள்வி. பிஎச்.டி.யில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நடுமூளையின் அடியில், டோபமின் எனும் வேதிப்பொருளை விடும் நியூரான்கள் இருக்கும் வி.டி.ஏ. (வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா) பகுதியை மெல்லிய துண்டாக வெட்டி, மற்ற பகுதிகளோடு தொடர்பே இல்லாமல் வைத்தாலும் டோபமின் நியூரான் சும்மா இருக்காது. நொடிக்குச் சில முறை தானாகவே துடிக்கும், அதாவது மின்துடிப்பை எழுப்பும். அப்படியானால், உயிருள்ள விலங்கில் அது சட்டென்று நிற்கும்போது வேறு ஏதோ ஒன்று அதை நிறுத்துகிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளில் இதைப் பார்த்தார். வர வேண்டிய நேரத்தில் பழச்சாறு வராவிட்டால் இந்த நியூரான்கள் கொஞ்ச நேரம் அடங்கிப்போகும். பரிசு கிடைத்ததும் டோபமின் எகிறுவதைத்தான் ஊரே பேசுகிறது. எனக்கு என்னவோ அந்த அடக்கம்தான் பிடித்தது.

அடக்குவது யார்? ஏமாற்றத்தின்போது லேட்டரல் ஹபெனுலா எனும் மூளைப் பகுதியில் துடிப்பு ஏறுவதை 2007இல் மத்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் காட்டினார்கள். ஆனால் ஹபெனுலா நியூரான்கள் பெரும்பாலும் குளுட்டமேட் விடுபவை, அதாவது தூண்டுகிறவை. தூண்டுகிற ஒன்று எப்படி அடக்கும்? நடுவில் ஆர்.எம்.டி.ஜி. என்ற காபா நியூரான் கூட்டம் (காபா என்பது அடக்கும் வேதிப்பொருள்) இருப்பதும், ஹபெனுலா அதைத் தூண்ட அது டோபமின் நியூரானை அடக்குவதும் 2009இல் தெரிந்த பிறகே கணக்கு நேரானது. வி.டி.ஏ.வுக்குள்ளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காபா நியூரான்கள்தான். பரிசுக்காகக் காத்திருக்கும் நேரம் முழுக்க அவை துடிப்பதை ஹார்வர்டில் உச்சிடா குழுவினர் 2012இல் பதிவு செய்தார்கள். எதிர்பார்த்த அளவை டோபமின் சமிக்ஞையிலிருந்து கழிப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு என்று 2015இல் காட்டினார்கள்.

இனி மேசை வேலை. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, அறுவைப் பயிற்சி எல்லாம் எல்லா லேபிலும் ஒன்றுதான். வளர்ந்த சுண்டெலியின் மூளையை வெட்டும்போது கரைசல் பனிபோல் குளிர்ந்திருக்க வேண்டும், கார்போஜன் வாயு (ஆக்சிஜனும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும்) குமிழிட்டபடியே இருக்க வேண்டும். இதில் சுணங்கினால் செல்கள் ஊதிப்போய், கண்ணாடி ஊசி தொட்டதும் பிய்ந்துவிடும். நல்ல துண்டு கிடைத்த நாளில் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள்.

பைப்பெட் முனை செல்லின் சவ்வோடு இறுக ஒட்டி (சீல் விழுந்து), மின்தடை மெகா ஓமிலிருந்து கிகா ஓமுக்கு ஏறிய பிறகுதான் அக்காவின் கேள்வி முன்னால் வந்து நிற்கும். காபாவைப் பிடிக்க செல்லின் மேல் இரண்டு வகை வாங்கிகள் (புரதங்கள்) உண்டு. காபா-ஏ குளோரைடு வாயிலைத் திறக்கும், சில பத்து மில்லிநொடிகளுக்குள் வேலை முடிந்துவிடும். காபா-பி, ஜி புரதம் வழியாக கர்க் எனும் பொட்டாசியம் வாயிலைத் திறக்கும். மெதுவாகக் கிளம்பி நூற்றுக்கணக்கான மில்லிநொடிகள் நீடிக்கும். பைப்பெட்டில் சீசியம் இருந்தால் அது பொட்டாசிய வாயில்களை அடைத்துவிடும். காபா-பி கண்ணில் படவே படாது, அந்த நியூரானில் அப்படி ஒன்று இல்லை என்றே எழுதத் தோன்றும். குளோரைடு அதிகம் வைத்தால் காபா-ஏ மின்னோட்டம் பெரிதாகத் தெரியும், ஆனால் உள்நோக்கிப் பாய்வதால் தூண்டும் மின்னோட்டம் போலவே இருக்கும். குளுட்டமேட்டை மருந்தால் தடுத்துவிட்டு, கடைசியில் காபா-ஏ வாயிலை அடைக்கும் பிக்ரோடாக்சின் விட்டு அலை மறைகிறதா என்று பார்த்தால்தான் நம்பலாம்.

இது வெறும் செய்முறை நுணுக்கம் இல்லை. பரிசோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் எனும் மூளைப் பகுதியிலிருந்து வரும் இழைகள் டோபமின் நியூரானை முக்கியமாகக் காபா-பி வழியாகவும், பக்கத்திலுள்ள காபா நியூரான்களைக் காபா-ஏ வழியாகவும் அடக்குவதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே இழை, இரண்டு விளைவு. எனவே ஒளியால் இயங்கும் புரதத்தை வைரஸ் மூலம் அக்கும்பென்ஸில் ஏற்றி, இழைகளுக்கு அது போய்ச் சேரச் சில வாரங்கள் காத்திருந்து, பொட்டாசியக் கரைசலுடன் உட்கார்ந்தேன். ஒற்றை நீல ஒளித்துடிப்புக்குப் பெரிதாக எதுவும் எழவில்லை. துடிப்புகளைத் தொடராகக் கொடுத்தபோது மெல்ல எழுந்து, அவசரமே இல்லாமல் இறங்கியது ஓர் அலை. பிக்ரோடாக்சினுக்கு அசையவில்லை. காபா-பி தடுப்பானுக்குப் படுத்துவிட்டது. அன்று லேபில் எல்லோருக்கும் டீ என் செலவு.

முன்னேற்றக் கூட்டத்தில் கைடு மார்ஃபினைப் பற்றிக் கேட்டார். ஜான்சனும் நார்த்தும் 1992லேயே காட்டியதுதான்: ஓபியாய்டுகள் (மார்ஃபின் வகை மருந்துகள்) காபா நியூரான்களை அடக்குகின்றன, பிடி தளர்ந்த டோபமின் நியூரான் வேகமெடுக்கிறது. வி.டி.ஏ.வில் 'அடக்கும் உள்ளீடு' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யார் மேல் விழுகிறது என்று சொல்ல வேண்டும்.

அதனால்தான் செல்லின் அடையாளத்தில் இவ்வளவு கறார். செல்லின் மின்னழுத்தத்தை மேலும் எதிர்மறையாக்கினால் எழும் ஐ-ஹெச் மின்னோட்டம் தெரிந்தால் டோபமின் நியூரான் என்று முன்பு எடுத்துக்கொள்வார்கள். அதை மட்டும் நம்ப முடியாது என்று பிறகு தெரிந்தது. நாங்கள் பைப்பெட் வழியாகப் பயோசைட்டின் எனும் அடையாளப் பொருளை நிரப்பி, பின்னர் டோபமினைத் தயாரிக்க உதவும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதி இருக்கிறதா என்று நிறமேற்றிப் பார்ப்போம். நிறம் ஏறாத செல்லின் அலை எவ்வளவு அழகாக இருந்தாலும் டோபமின் கணக்கில் சேராது. காபா கணக்கிலும் உடனே சேர்த்துவிட முடியாது. குளுட்டமேட் விடும் நியூரான்களும் அங்கே இருக்கின்றன.