ஜேம்ஸ் பாண்ட் சமாதிக்கு விசா வாங்கின கதை

மொதல்லயே சொல்லிடறேன், கைல ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒண்ணா குடுக்கற விசா) இருந்தா ஃபாரோ தீவுக்கும் போயிடலாம்னு நெனச்சிட்டு இருக்கவங்க டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க. நானும் அப்படி நெனச்சவன்தான்.

2021 கடைசில 'நோ டைம் டு டை'ங்கற ஜேம்ஸ் பாண்ட் படத்த தியேட்டர்ல பாத்தோம், நானும் எங்க மாமா பையனும். க்ளைமாக்ஸ்ல வில்லனோட தீவு ஒண்ணு வரும்ல, பாண்ட் செத்துப் போறதே அங்கதான், ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவுல எங்கயோ இருக்குன்னு சொல்லுவாங்க, பச்சைப் பசேல்னு செங்குத்தா கடல்ல இறங்கற மலை. இவன் பாப்கார்ன வாய்ல வச்சிக்கிட்டே "முழுசா கிராபிக்ஸ்டா"ங்கறான், நான் இல்லவே இல்லைங்கறேன், ஒருநாள் நேர்ல போய்ப் பாப்போம், தோத்தவன் அங்க போற படகுச் செலவு மொத்தத்தையும் கட்டணும்னு பந்தயம். வீட்டுக்கு வந்து தேடினா கல்சோய்னு ஒரு தீவு, ஃபாரோவுல இருக்கற 18 தீவுல ஒண்ணு, ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல அட்லாண்டிக்ல கெடக்கு. ஜப்பானாவது ரஷ்யாவாவது.

இதே படத்துல வர்ற நார்வே அட்லாண்டிக் ரோடு இருக்கு, கார எடுத்துட்டுப் போனா ஓட்டிக்கிட்டே பாத்துட்டு வந்துடலாம். ஐஸ்லாந்துல ஒரு பனிப்பாறை ஏரி இருக்கு, அதுவும் அப்படித்தான், மெயின் ரோட்ட ஒட்டியே இருக்கு, 2002 பாண்ட் படத்துக்காக கடல் தண்ணி உள்ள வர்ற வாய்க்கால அடைச்சு அந்த ஏரிய உறைய வச்சு அது மேல கார் ஓட்டினாங்க. ஆனா பந்தயம் கல்சோய் மேலதான் கட்டியிருந்தோம், வேற வழியில்ல.

போன வருஷம் ஜூனுக்கு (2025) பிளான் போட்டோம். ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட கேட்டா "டென்மார்க்கோடதுதான சார், டென்மார்க் விசாவே போதும்"னுட்டார். டென்மார்க் ராஜாவோட நாடுதான், அது வரைக்கும் சரி. ஆனா 1948லேர்ந்து தன்னாட்சி, ஐரோப்பிய யூனியன்லயும் கிடையாது, ஷெங்கன்லயும் கிடையாது. நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா ஸ்டிக்கர்லயே ஃபாரோவுக்குச் செல்லும்னு தனியா ஒரு வரி இருந்தாத்தான் கணக்கு. இது எனக்குத் தெரிஞ்சது அப்பாயின்ட்மென்டுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு, சும்மா படுத்துக்கிட்டு மொபைல நோண்டிட்டு இருந்தப்போ. ஏஜென்ட் நிரப்பிக் குடுத்த பேப்பர எடுத்துப் பாத்தா ஃபாரோங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. எழுந்து உக்காந்து கவர் லெட்டர மொத்தமா மாத்தி எழுதினேன், எந்தத் தேதில எந்த ஊரு, கோபன்ஹேகன்ல எத்தன நாள், ஃபாரோவுல எத்தன நாள், அங்க போற ஃப்ளைட், தங்கற எடம் எல்லாம். காலைல கவுன்டர்ல வாய் விட்டும் ரெண்டு தடவ சொன்னேன். ஃபீஸ் 90 யூரோ. இன்சூரன்ஸ் 30,000 யூரோ கவர் இருந்தா விசாவுக்குப் போதும், ஆனா சில பாலிசில ஷெங்கன் நாடுகள்னு மட்டும் போட்டிருப்பான், ஃபாரோவுல கால் ஒடிஞ்சா காசு வருமான்னு கேட்டுட்டு வாங்குங்க. பாஸ்போர்ட் வந்ததும் மொகத்தக் கூட பாக்கல, அந்த வரியத்தான் தேடினேன். இருந்துச்சு.

கோபன்ஹேகன்லேர்ந்து ஃபாரோவுல இருக்கற வாகார் ஏர்போர்ட், அங்க வாடகைக் கார். கல்சோய்க்குப் படகு ஏற்ற ஊரு கிளாக்ஸ்விக், அங்க போற வழி பூரா கடலுக்கு அடியில சுரங்கப்பாதைதான், அதுல ஒண்ணு 11 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல கடலுக்கடியிலயே ஒரு ரவுண்டானா வேற, நீலமும் பச்சையுமா லைட்டு போட்டு வச்சிருக்கான், எங்காளு வீடியோ எடுக்கறேன்னு ரெண்டு சுத்து சுத்த வச்சான்.

மாட்டிக்கிட்டது கிளாக்ஸ்விக்லதான். கல்சோய்க்குப் பாலம் கிடையாது, சுரங்கம் கிடையாது, ஒரே ஒரு சின்ன ஃபெரி, 20 நிமிஷப் பயணம், அதுல ஏறினது பதினஞ்சு பதினாறு கார் இருக்கும். ரிசர்வேஷன்லாம் ஒண்ணும் இல்ல, வரிசைல நிக்கணும். அரை மணி நேரம் முன்னாடி வந்துட்டோம்னு கெத்தா இருந்தோம், எங்களுக்கு முன்னாடி 20 காருக்கு மேல. ஃபெரி போயிடுச்சு. அடுத்ததுக்கு நின்னா அதுக்கும் நிச்சயம் இல்ல. பின்னாடி நின்ன ஒரு பெரியவர் வந்து கார இங்கயே விட்டுட்டு நடந்து ஏறிக்கோங்க, அந்தப் பக்கம் பஸ் நிக்கும்னு சொல்லிட்டுப் போனார். இத வீட்லயே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு மணி நேரம் மிச்சம். நீங்க போனா கார தூக்கிட்டுப் போகாதீங்க, ஆனா பஸ் எல்லா ஃபெரிக்கும் வராது, திரும்பி வர்ற நேரத்த டிரைவர்கிட்டயே கேட்டு வச்சிக்கோங்க.

பஸ்னா வேன் சைசுதான். கல்சோய்க்கு புல்லாங்குழல்னு ஒரு செல்லப்பேரு, நீளமா ஒல்லியா இருக்கும், மலையக் குடைஞ்சு வரிசையா சுரங்கம். உள்ள லைட் கிடையாது, ஒத்தை லேன், எதுக்க ஹெட்லைட் தெரிஞ்சா ஒதுங்கற பாக்கெட்ல நுழைஞ்சு நிக்கணும். டிரைவர் அம்மா ஒரு கையில காபி கப்போட ஓட்டினாங்க, நான் சீட் கம்பிய விடவே இல்ல.

கடைசி ஊரு ட்ரோல்லனெஸ். பத்துப் பதினஞ்சு வீடு, புல்லு மொளைச்ச கூரை, ஆடு. அங்கேர்ந்து கலங்கரை விளக்கத்துக்கு நடக்கணும், அந்த எடத்துப் பேர எழுத்துக்கூட்டிப் படிச்சா கல்லூர்னு வருது, நம்ம ஊர் பஸ் போர்டு மாதிரி. அது தனியார் மேய்ச்சல் நெலம், அதனால தலைக்கு 200 க்ரோனர் கட்டணும், அன்னைக்கு ரேட்டுக்கு 2,600 ரூபா பக்கம். ஆடு மேயற புல்வெளில நடக்க இவ்ளோவான்னு மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. போகப்போக பாத்தா தெனமும் இத்தன பேர் மிதிச்சு ஒரே தடம் கணுக்கால் அளவு சேறா ஆகிக் கெடக்கு, சரி வாங்கிக்கட்டும்னு தோணிச்சு.

ஒரு மணி நேர நடை. பாதி தூரத்துல மேகம் இறங்கிடுச்சு, முன்னாடி போறவன் முதுகு தெரியல, சத்தம் குடுத்துக்கிட்டே போனோம். கலங்கரை விளக்கம் கிட்ட வந்துதான் தெரிஞ்சுது, சின்னது, வெள்ளைச் சுவர், செவப்புத் தலை, 1927ல கட்டினது. அதத் தாண்டி ஒரு ஒல்லி முகடு போகுது, ரெண்டு பக்கமும் கடல் வரைக்கும் ஒரே சறுக்கு, காத்து சட்டைக்குள்ள பூந்து ஆளத் தூக்கப் பாக்குது. முன்னாடி ஒரு வெள்ளைக்காரம்மா உக்காந்தபடியே நகந்து போனாங்க. நான் பாதியோட நின்னுட்டேன், வெக்கமெல்லாம் இல்ல.

சமாதிக் கல்லு கலங்கரை விளக்கத்துக்குக் கிட்டதான் இருக்கு. ஜேம்ஸ் பாண்ட், 1962–2021. மொதப் படம் வந்த வருஷம், கடைசிப் படம் வந்த வருஷம். அந்த ஊர்க்காரங்களே வச்சது. உண்மையச் சொன்னா கல்லு ஒண்ணும் பெருசா இல்ல, எல்லாரும் அதுகிட்ட வரிசைல நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, அந்த நேரத்துல பின்னாடி மேகம் கிழிஞ்சுது. ஒரு பத்து நிமிஷம் இருக்கும். கீழ கடல், எதுக்க அடுத்த தீவோட மூக்கு, எங்க தலைக்கு மேல அந்த மலை கத்தி மாதிரி நிக்குது. படத்துல வர்ற அதே மலை. வரிசைல இருந்த பாதிப் பேர் திரும்பவே இல்ல.

"பாத்தியாடா, கிராபிக்ஸா இது?"

"மலை நெசம், ஒத்துக்கறேன். அது மேல படத்துல ஒரு மிலிட்டரி பேஸ் இருந்துச்சே, ஏவுகணை வந்து அடிச்சதே, அது எங்க? இங்க ஒரு செங்கல் கூட இல்ல. அப்போ பாதி கிராபிக்ஸ்."

ஃபெரில திரும்பி வர்ற 20 நிமிஷமும் இதே சண்டைதான், ஷூவுல ஒட்டின சேறு காஞ்சு பெஞ்சுக்கடியில உதிந்துட்டு இருக்கு. கிளாக்ஸ்விக் கரை வர்றதுக்குள்ள ஜிபேல பாதிக் காசு போட்டு விட்டான், எண்ணிப் பாத்தா அதுலயும் ஆறு ரூபா கம்மி.