மகதலாவில் பெயர் எழுதாத தூண்

என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, மூன்று வருஷமாக எந்தப் போட்டோவிலும் நான் இல்லை. எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, "குடுங்க, நான் எடுக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொள்வேன். அந்த வரிசையில் எனக்கு இடமில்லை என்றே நினைத்திருந்தேன். கடனும் காதில் விழுந்த பேச்சுகளும் சேர்ந்து, நான் எல்லோருக்கும் பாரம் என்று மனசில் பதிந்துபோயிருந்தது. பரிசுத்த தேசப் பயணத்துக்குச் சபையில் சிலர் சேர்ந்து பணம் கட்டினார்கள். அதை வாங்கிக்கொள்ளவும் கூசியது.

மகதலா, கலிலேயாக் கடலின் மேற்குக் கரையில், திபேரியாவுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. 2009-ல் யாத்திரிகர் விடுதி கட்டுவதற்கு முன் அங்கே தோண்டிப் பார்த்தபோது, இயேசுவின் காலத்து யூத ஜெபஆலயம் ஒன்று வெளிப்பட்டது. மகதலேனா மரியாளின் ஊர் இதுதான். அவளை விட்டு ஏழு பிசாசுகள் நீங்கின என்று லூக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டு, அவள் இயேசுவோடு நடந்ததைச் சொல்லப் போய்விடுகிறார். வேசி என்று எந்தச் சுவிசேஷமும் அவளைச் சொல்லவில்லை. 591-ல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அவளையும் லூக்கா 7-ஆம் அதிகாரத்துப் பாவியான ஸ்திரீயையும் ஒருத்தியாகவே பேசினார். அந்தப் பெயர் பல நூற்றாண்டுகள் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. அவள் உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலில் கண்டவள் என்பது எத்தனை பேருக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது? இதை நினைத்தாலே எனக்கு மனசு கொதிக்கும்.

அங்கே இப்போது கட்டியிருக்கும் ஆலயத்தின் முன்மண்டபம் பெண்களுக்கென்றே கட்டப்பட்டது. எட்டுத் தூண்கள். ஏழு தூண்கள் இயேசுவைப் பின்பற்றிய பெண்களுக்கு: மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள், மார்த்தாள், பேதுருவின் மாமியார் என்று போகிறது. எட்டாவதில் ஒன்றும் எழுதவில்லை. எல்லாக் காலத்திலும் விசுவாசத்தோடு வாழ்ந்த பெண்களுக்கு அது என்றார் வழிகாட்டி.

வழக்கம்போல நான் போனைக் கேட்டு வாங்கினேன். எங்கள் குழுவில் ஒரு அக்கா, வயது அறுபதைத் தாண்டியவர், வந்த நாள் முதல் யாரிடமும் அதிகம் பேசாதவர், அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "நீ போய் நில்லும்மா. எழுதாம விட்டிருக்காங்கல்ல, அங்கே."

நின்றேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அப்புறம் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். அங்கே ஒரு சிற்றாலயம். தரையில் மகதலாவின் பழைய சந்தைத் தெருக் கற்கள். சுவர் நிறைய ஓர் ஓவியம். அதில் முகங்கள் இல்லை. செருப்புப் போட்ட கால்கள், வஸ்திரங்களின் ஓரங்கள், அவற்றுக்கு நடுவே தரையோடு தரையாக நீண்டு வரும் ஒரு பெண்ணின் கை. விரல் நுனி வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடும் இடத்தில் மட்டும் ஒளி. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது ஓயாத இரத்தப்போக்குள்ள ஸ்திரீ. கீழே விழுந்து கிடப்பவளுக்கு உலகம் இப்படித்தான் தெரியும், வெறும் கால்களாக. எனக்கு அது தெரியும்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தை அங்கே வாசித்தார்கள். அவள் தொட்டவுடனே சுகமாகிவிட்டாள். யாருக்கும் தெரியாமல் வந்தபடியே போயிருக்கலாம். இயேசுதான் போக விடவில்லை, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று நின்றுவிட்டார். அவளை ஏன் இத்தனை பேர் முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு முன்பெல்லாம் வருத்தமாகவே இருந்தது. அந்தக் கற்களின்மேல் நின்றபோதுதான் விளங்கியது. நியாயப்பிரமாணப்படி அவள் தீட்டுள்ளவள், ஊர் அவளை ஒதுக்கி வைத்திருந்தது. இரகசியமாகக் குணமாகிப் போயிருந்தால் ஊருக்கு அவள் பழைய ஆள்தான். அதனால்தான் எல்லோரும் கேட்க "மகளே" என்றார். நான்கு சுவிசேஷங்களிலும் அவர் ஒரு பெண்ணை நேராக அப்படி அழைத்தது இந்த ஒருத்தியை மட்டும்தான். அத்தனைக்கும், மரணத் தறுவாயில் கிடக்கும் பன்னிரண்டு வயது மகளுக்காக அவரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த ஜெபஆலயத் தலைவன் யவீரு பக்கத்திலேயே துடித்துக்கொண்டு நிற்கிறான். அவர் அவசரப்படவில்லை. அவள் "உண்மையையெல்லாம்" சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் படியேறினார்கள். அந்த அக்கா மட்டும் ஓவியத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கல்லில் உள்ளங்கையைப் பதித்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருந்தார். ஜெபம் மாதிரி இல்லை. வருஷக்கணக்கில் அடக்கி வைத்ததை ஒவ்வொன்றாகச் சொல்வது மாதிரி இருந்தது. தோளைத் தொட்டு எழுப்பப் போன எங்கள் போதகர் பாதியில் நின்றார். என்னைப் பார்த்து, "மேலே போய்ச் சொல்லும்மா, பஸ் நிக்கட்டும்" என்றார்.

நாற்பது நிமிஷம் நின்றது.